வலேரியா கறுப்பு சூப் குடித்த கதை

கல்யாண வீடுகளில் சொல்வதற்கென்றே க்ளெம் ஒரு கதை வைத்திருந்தான். ஊரில் யாருக்குக் கல்யாணம் நடந்தாலும், இரண்டாவது பீர் உள்ளே போனதும் மேஜையைத் தட்டி அதை ஆரம்பித்துவிடுவான். பெண் கேட்டு வலேரியா வீட்டுக்குப் போன அன்று வாசலிலேயே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தானாம், சமையலறையிலிருந்து வாத்து வாசனை வருகிறதா என்று.

ஏனென்றால் அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய எங்கள் போலந்துக்காரக் குடும்பங்களில் அந்தக் காலத்தில் மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை என்று வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். வாத்து ரத்தத்தில் காய்ச்சிய கறுப்பு சூப்பை ஒரு கிண்ணம் ஊற்றி அவன் முன்னால் வைப்பார்கள். அவனும் மறுபேச்சில்லாமல் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வந்த வழியே போய்விட வேண்டும். அன்று வலேரியாவின் அப்பா வைத்தது மஞ்சளாக நெய் மிதக்கிற கோழி சூப்.

"அந்தக் கிழவன் மட்டும் அன்னைக்கு ஒரு வாத்தை அறுத்திருந்தான்னு வை, நான் தப்பிச்சிருப்பேன்டா சாமி!" என்று முடிப்பான் க்ளெம். கூடம் முழுக்கச் சிரிக்கும். வலேரியாவும் சிரிப்பாள். எத்தனை வருஷம் சிரித்தாள் என்று அவளுக்கே கணக்குத் தெரியாது.

இப்போது அந்த சூப்புக்கு அர்த்தமெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. இலையுதிர் காலத்தில் வாத்து அறுக்கிற வீட்டில் எல்லாம் அது கொதிக்கும். உலர்ந்த ப்ளம் பழமும் பேரிக்காயும் போட்டு, கிராம்பு தட்டி, கடைசியில் மாவும் பாலாடையும் கரைத்துவிட்டால் இனிப்பும் புளிப்புமாக நாக்கைச் சுண்டும். எங்கள் பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்களில் வலேரியா கைக்கு மிஞ்சிய கை கிடையாது. ஆனால் அவள் அதை ஒரு கரண்டிகூட வாயில் வைத்ததில்லை. சின்ன வயதில் அம்மா வாத்தின் கழுத்தை அறுக்கும்போது கீழே கிண்ணம் பிடித்து, ரத்தம் உறையாமலிருக்க வினிகர் விட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தவள் அவள். சூடான அந்தக் கிண்ணம் கையில் இன்னமும் இருப்பது போலிருக்கும். எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, தான் ரொட்டியில் வெண்ணெய் தடவித் தின்பாள்.

க்ளெம் குடிகாரன் இல்லை, கை நீட்டுகிறவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஊரில் என்னைச் சும்மா விடமாட்டார்கள். உருளைக்கிழங்கு நிலத்தில் மாடாக உழைத்தான். நவம்பரில் வரும் நன்றி நாள் விருந்துக்குப் பங்குக் கோயிலுக்கு வான்கோழி அவன் வீட்டிலிருந்துதான் போகும். முதல் வாத்து கோயில் பாதிரியாருக்கு, எங்கள் பங்குச்சாமிக்கு. நோயாளி வீடு, பிள்ளை பெற்ற வீடு எதுவானாலும் கறிக்கோழியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பான். "தங்கமான மனுஷன்" என்பார்கள். தங்கம்தான். அந்தக் கோழியையும் வான்கோழியையும் வாத்தையும் வளர்த்தது யார் என்று மட்டும் ஒருத்தரும் கேட்டதில்லை.

அவை வளர்ந்தது ரோஸலியின் அறையில்.

ரோஸலி அவர்களுடைய ஒரே பெண். அவள் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு ஏப்ரலில் எதிர்பாராத பனி கொட்டியது. பண்ணையிலிருந்து உயிரோடு தபாலில் வந்த கோழிக்குஞ்சுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு க்ளெம் சமையலறையில் நின்றான். கொட்டகையில் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கிற விளக்கின் கம்பி அறுந்துபோயிருந்தது. வீட்டிலேயே கதகதப்பான இடம் பின்பக்கத்து அறைதான். அடுப்பின் புகைக்குழாய் அந்தச் சுவரை ஒட்டித்தான் மேலே போகும்.

"ரெண்டே நாள்டா கண்ணு. அப்பா கொட்டகையைச் சரிபண்ணிட்றேன்" என்றான் மகளிடம்.

இரண்டு நாள் ஆறு வாரமாயிற்று. அடுத்த வருஷம் கொட்டகையில் இடம் கட்டப் பலகை வாங்கி வந்து இறக்கினான். தார்ப்பாய் போட்டு மூடினான். அந்தப் பலகையில் வேலி பழுதுபார்த்தான், டிராக்டர் நிறுத்தச் சாய்ப்பு போட்டான், கோயில் சந்தைக்கு மேஜை அடித்துக் கொடுத்தான். குஞ்சுகளுக்கு மட்டும் அது வாய்க்கவில்லை. "இந்த வருஷம்தான் கடைசி" என்பது ஒவ்வொரு தவக்காலத்திலும் அவன் வாயில் வரும் ஜெபம் போலாயிற்று. கோழியோடு வான்கோழி சேர்ந்தது. அப்புறம் வாத்து சேர்ந்தது. ரோஸலி முன்னறை சோபாவுக்குப் போனவள்தான், திரும்பித் தன் கட்டிலில் படுக்கவே இல்லை. அறையைக் காலி செய்த பிறகும் அந்த வாடை போனால்தானே? அவளுடைய கம்பளிக் கோட்டில் ஏறிய நாற்றம் பள்ளிக்கூடம் வரை கூடவே போனது. பேருந்தில் பையன்கள் இறக்கையடித்துக் காட்டுவார்களாம். கோயிலில் பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்துப் பெண் ஒரு சாண் நகர்ந்து உட்காருவாள். ரோஸலி வீட்டுக்கு வந்து எதுவும் சொல்லமாட்டாள். கையை மட்டும் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். படிப்பு முடிந்த வாரமே மில்வாக்கி நகரத்துக்குப் பேருந்து ஏறிவிட்டாள்.

மூன்று ஜாதியையும் ஒரே அறையில் ஏன் போட வேண்டும் என்று வலேரியா கேட்காமலில்லை. அதற்கும் அவன் பதில் வைத்திருந்தான்.

"வான்கோழிக் குஞ்சு மாதிரி ஒரு மக்கு உலகத்துல உண்டா? தீவனத்து மேலயே நின்னுக்கிட்டுப் பட்டினியில சாகும். கோழிக்குஞ்சு கூட இருந்தா, அது கொத்தறதைப் பாத்து இதுவும் கொத்தும். வாத்தியார் மாதிரி வச்சுக்கோ."

"சரி. வாத்து எதுக்கு? அது என்ன, ஹெட்மாஸ்டரா?"

"ஒரு பல்பு எரியற எடத்துல அதுவும் இருந்துட்டுப் போகட்டுமே, கிழவி."

இருந்துவிட்டுப் போகட்டுமாம்! வாத்துக்குஞ்சு தண்ணீரைக் குடிக்காது, அதில் வாழும். வைத்த தட்டைக் கவிழ்த்து, அலகில் அள்ளித் தெளித்து, தரையில் பரப்பிய மரச்சீவலைச் சேறாக்கிவிடும். ஈரத்தில் கோழிக்குஞ்சுக்குக் கழிச்சல் வரும். கோழிக்குக் கொடுக்கிற மருந்துத் தீவனம் வாத்துக்கு ஆகாது. கோழிக்குப் போதுமான தீவனம் வான்கோழிக்குப் போதாது. கறிக்கோழியோ தின்றுகொண்டே இருக்கும், எழுந்து நடக்காது, கால் வளைந்துவிடும். இத்தனையையும் சமாளிக்க விடிந்ததிலிருந்து குனிந்து குனிந்து ஈரச்சீவலை அள்ளிக் கொட்டிப் புதிதாகப் பரப்புவது வலேரியா. வான்கோழிக் குஞ்சுகள் குளிருக்கு மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும் என்று மூலைகளுக்கெல்லாம் அட்டையை வளைத்துக் கட்டுவது வலேரியா. அதுகளுக்குப் பளபளப்பாக எதையாவது கண்டால்தான் கொத்தத் தோன்றும் என்று க்ளெம் தண்ணீர்த் தட்டில் கண்ணாடிக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைத்தான். அவை ரோஸலியின் குண்டுகள். நீலமும் பச்சையுமாக, அவள் தாத்தா வாங்கிக் கொடுத்தவை. அவளைக் கேட்டுத்தான் எடுத்தானா என்றால், அதெல்லாம் கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

ரோஸலிக்குக் கல்யாணமாகி, நெடுநாள் கழித்து ஒரு ஆண் குழந்தை பிறந்தது. மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. பேர் அட்ரியன். பிழைப்பானா என்று கலங்கி, பிழைத்து, அந்த மார்ச்சில்தான் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கே வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரோஸலி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அம்மா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் நம்ம கோயில்லயே குடுக்கலாம்னு இருக்கேன். ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஒரு வாரம் தங்கறோம்."

வலேரியா தொலைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் மகள் இந்த வீட்டில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. காலையில் வந்து மாலையில் போய்விடுவாள்.

"வாடி என் தங்கமே. வா, வா."

"அவனுக்கு நெஞ்சு ரொம்ப பலவீனம்மா. தூசி கூடாது, இறகு கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லியிருக்கார். என் ரூம் எப்படியிருக்கு?"

"காலி பண்ணியாச்சு. சுத்தமா இருக்கு" என்றாள் வலேரியா. அந்த நேரத்தில் அறையில் போன வருஷத்து எச்சம் தரையோடு தரையாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. பொய்தான். ஆனால் இரண்டு வாரத்தில் அதை நிஜமாக்கிவிடலாம் என்று நம்பித்தான் சொன்னாள். தாய் மனசு அப்படித்தானே ஓடும்?

க்ளெமிடம் சொன்னாள். அவன் கண்ணே கலங்கிவிட்டது. நெஞ்சில் கை வைத்தான்.

"என் பேரன் வர்றான், எனக்குத் தெரியாதா? இந்த வருஷம் குஞ்சு எல்லாம் கொட்டகைலதான். நாளைக்கே பலகையைப் பிரிக்கிறேன்."

வலேரியா முழங்காலில் நின்று அந்தத் தரையைச் சுரண்டினாள். சலவைக்காரம் போட்டுத் தேய்த்தாள், கொதிநீர் ஊற்றினாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். கை வெந்து தோல் உரிந்தது. ஜன்னலைத் திறந்துபோட்டுக் குளிரிலேயே இருந்தாள். பிறகு வெள்ளைத் திரை மாட்டி, பரணிலிருந்து தொட்டிலை இறக்கித் துடைத்து வைத்தாள். அந்த அறையின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். சோப்பு வாசனைதான் வந்தது. தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டாள்.

ரோஸலி வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது தபால் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. "கீட்ரோவ்ஸ்கி வீடுதானே? உங்க குஞ்சுப் பெட்டியெல்லாம் வந்து கத்திக்கிட்டுக் கெடக்கு. எங்களுக்குப் பேசறதே கேக்கலை, சீக்கிரம் வந்து எடுத்துக்குங்க."

க்ளெம் ஜனவரியிலேயே சொல்லி வைத்திருந்தான். தேதியை மாற்ற மறந்துவிட்டானாம். பலகை? தார்ப்பாயை விலக்கியிருந்தான், அவ்வளவுதான். மூன்று பெட்டிகளையும் நேரே பின்பக்கத்து அறைக்குத் தூக்கிக்கொண்டு போனான். வலேரியா வாசலை மறித்தாள்.

"இங்க வைக்காதே. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன், க்ளெம்."

"பெட்டியோட குளிர்ல விட்டுச் சாகடிக்கச் சொல்றியா? ரோஸலி வர்றது சனிக்கிழமை. அதுக்குள்ள மாத்திட மாட்டேனா?"

"நீ மாத்தமாட்டே."

"இதப் பாரு, இதுங்களும் குழந்தைதான்."

சுண்ணாம்புச் சுவருக்கு நடுவே சிவப்பு பல்பு எரிந்தது. தொட்டிலை எடுத்து நடைவழியில் வைத்தான். அன்று மாலைக்குள் வாத்துகள் தரையை நனைத்துவிட்டன.

சனிக்கிழமை காலையில் கோயில் கூடத்துக்கு நாற்காலி தூக்கிப் போட உதவி வேண்டும் என்று யாரோ கூப்பிட, க்ளெம் போய்விட்டான். ஊருக்கு உதவி என்றால் அவனுக்குக் கால் தரையில் நிற்காதே. வலேரியா அவன் வண்டி தெருவைத் திரும்பும் வரை பார்த்தாள். பிறகு மூன்று வகையையும் கூடையில் அள்ளி, நடை நடையாகக் கொட்டகைக்குக் கொண்டுபோனாள். நீளக் கம்பி இழுத்து விளக்கைத் தொங்கவிட்டாள், சீவல் பரப்பினாள், தீவனம் வைத்தாள். திரும்பி ஓடிவந்து மறுபடி தரையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அந்த அவசரத்தில் ஒன்றை மறந்தாள். கொட்டகை மூலைக்கு அட்டை வளைத்துக் கட்டவில்லை. இத்தனை வருஷம் கட்டிய கைதான். அன்றைக்கென்று மறந்தது.

காற்று அடித்தது. வான்கோழிக் குஞ்சுகள் மூலைக்கு ஓடின.

மத்தியானம் க்ளெம் திரும்பி வந்து பார்த்தபோது ஒரு குவியல் செத்துக் கிடந்தது. அவன் கத்தவில்லை. செத்ததை வாளியில் போட்டான், உயிரோடிருந்ததை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து பழையபடி அறையில் விட்டான். ஈரத்தரையில் அவள் கந்தையும் கையுமாக நின்றுகொண்டிருக்க, அவளைத் தாண்டிப் போய் பல்பை மாட்டினான்.

"கொன்னுட்டியே, வலேரியா" என்றான். அவ்வளவுதான். அடித்திருந்தால்கூட அவளுக்கு அப்படி வலித்திருக்காது.

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

ரோஸலி மட்டும் இறங்கி வந்தாள். புருஷன் ரே குழந்தையோடு காரிலேயே இருந்தான். ரோஸலி அம்மாவைக் கட்டிக்கொள்ளக் கை நீட்டியவள், பாதியில் நிறுத்தினாள். மூக்கு அவளுக்கு முன்னால் தெரிந்துகொண்டுவிட்டது. நேராகப் பின்பக்கம் போய்க் கதவைத் திறந்தாள். சிவப்பு வெளிச்சம், கீச்சு கீச்சென்று சத்தம். தண்ணீர்த் தட்டில் அவளுடைய நீலக் குண்டைச் சுற்றி நாலு குஞ்சுகள்.

"சுத்தமா இருக்குன்னியேம்மா."

"மாத்தினேன்டி. சத்தியமா காலைல மாத்தினேன். உங்கப்பா..."

"ரெண்டு நாள்தாண்டா கண்ணு" என்றான் க்ளெம் பின்னாலிருந்து. "நீங்க முன்னறைல படுத்துக்கங்க. கதவைச் சாத்தி வச்சா ஒரு தூசி வராது. நீகூட இதுக்கு நடுவுலதானே வளந்தே? என்ன கொறைஞ்சு போச்சு?"

ரோஸலி அப்பாவைத் திரும்பிப் பார்க்கவேயில்லை. "ரெண்டு நாள்" என்று மட்டும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். வெளியே நடந்தாள்.

வலேரியா அவள் பின்னாலேயே கார்வரை ஓடினாள். "பிள்ளையை ஒரு தடவை தூக்கிக்கறேன்டி."

"ஏப்ரனைப் பாரும்மா" என்றாள் மகள். "மேலெல்லாம் இறகு. வேண்டாம்மா. தயவுசெஞ்சு."

கண்ணாடியை ரே ஏற்றிவிட்டான். உள்ளே நீலக் குல்லாய் போட்ட ஒரு சின்ன முகம், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது. வலேரியா பேரனைப் பார்த்தது அப்படித்தான். கண்ணாடியில் கை வைக்கப் போனவள், கையைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

"இங்க இனி வரமாட்டேன். உனக்கு வேணும்னா நீ வா" என்று சொல்லிவிட்டு ரோஸலி ஏறினாள்.

ஞானஸ்நானம் மில்வாக்கியில் நடந்தது. ரேயின் தங்கை குழந்தையைக் கையில் ஏந்தி ஞானத்தாயானாள். கோயில் கூடத்தில் க்ளெம் தூக்கிப்போட்ட நாற்காலிகளை க்ளெமே திரும்ப மடக்கி வைத்தான்.

வலேரியா போயிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. க்ளெமின் அக்கா ஹெட்டி அதை முகத்துக்கு நேரே கேட்டாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும்.

"ஏண்டி, மில்வாக்கி என்ன நிலாவிலயா இருக்கு? பேருந்து ஏறினா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

"குஞ்சை யாரு பாக்கறது? அவருக்கு ஈரம் அள்ளத் தெரியாது. ஒரு நாள் விட்டா அத்தனையும் போயிடும்."

"போகட்டும். உன் வயித்துலயா பொறந்துச்சு?"

வலேரியா சிரித்து மழுப்பினாள். ஆனால் உண்மை இதுதான்: வாளியில் கிடந்த அந்தச் செத்த குஞ்சுகள் அவளை விடவில்லை. மிச்சத்தையாவது காப்பாற்றிக் கொடுத்துவிட்டால் பழி தீரும் என்று நினைத்தாள். பைத்தியக்காரி. முன்னைவிடக் கண்ணும் கருத்துமாக வளர்த்தாள். வான்கோழிகள் தொடையளவு உயர்ந்து, தோட்டத்தில் கழுத்தை ஆட்டிக்கொண்டு நடந்தன.

ஆகஸ்டில் அவை தலையைத் தொங்கப்போட்டன. இறக்கை தளர்ந்து, மஞ்சளாகக் கழிந்து, ஒவ்வொன்றாக விழுந்தன. தீவனக் கடைக்காரன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

"கோழியோடயா வளத்தீங்க? கோழி நடந்த தரையில வான்கோழியை விடவே கூடாதே. கோழிக்கு ஒண்ணும் பண்ணாது அந்தக் கிருமி. இதுக்குக் கல்லீரலையே தின்னுடும்."

க்ளெம் தலையைச் சொறிந்தான். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து காபி குடிக்கும்போது பங்குச்சாமியிடம் அவன் சொன்னதை வலேரியா தன் காதால் கேட்டாள். "இந்த வருஷம் நன்றி நாளுக்கு வான்கோழி இல்லைங்க சாமி. ஏப்ரல்ல என் வீட்டுக்காரி அதுங்களைக் குளிர்ல போட்டுட்டா. அப்பவே நோஞ்சானாப் போச்சு." பங்குச்சாமி வலேரியாவைப் பார்த்து, பரவாயில்லை என்பது போல் தலையசைத்தார். மன்னித்துவிட்டாராம்! அவள் காபிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு வண்டியில் போய் உட்கார்ந்தாள்.

வான்கோழி போன நஷ்டத்துக்கு ஈடுகட்ட, செப்டம்பர் கடைசியில் இன்னொரு தொகுதி கறிக்கோழிக் குஞ்சு வந்தது. எங்கே போயிற்று என்று சொல்லவும் வேண்டுமா?

அந்த வாரம் ரோஸலி கூப்பிட்டாள். அட்ரியன் தேறிவிட்டானாம். உட்காருகிறானாம். சிரித்தால் தாத்தா மாதிரியே ஒரு பக்கக் கன்னம் குழிகிறதாம். பிறகு குரலை இறக்கிக் கேட்டாள்.

"அடுத்த மாசம் வரட்டுமாம்மா? மனசு கேக்கலை. ரூம்..."

இந்தத் தடவை வலேரியா பொய் சொல்லவில்லை. "குஞ்சு இருக்குடி" என்றாள்.

ரோஸலி அந்தப் பக்கம் அழுகிறாள் என்று தெரிந்தது. "அப்ப நீ வாம்மா. வந்து இங்கேயே இரு. அவனுக்கு உன் முகமே தெரியாது."

வலேரியா க்ளெமிடம் போய் நின்றாள். அவன் காலுறையை உதறிக்கொண்டிருந்தான்.

"ரோஸலி கூப்பிடறா. போயிட்டு வரேன்."

"போ. நான் என்ன வேண்டாம்னா சொன்னேன்? இந்தத் தொகுதி வளந்து முடியட்டும், போயிட்டு வா."

"அப்புறம் அடுத்தது வரும்."

"வரத்தான் செய்யும். பிப்ரவரிக்குச் சொல்லி வச்சிருக்கேன். வான்கோழி இந்தத் தடவை ஜாஸ்தி, கோயிலுக்குக் கடன்பட்ட மாதிரி இருக்கு. வாத்தும் சேத்துத்தான்." அவன் நல்லபடியாகவே சொன்னான், மனதில் ஒரு கள்ளமும் இல்லாமல். "ஏன், இந்த வீட்ல உனக்கு என்ன கொறை?"

வலேரியா அவனையே பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. இந்த மனுஷனிடம் இனிமேல் கேட்க ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மறுநாள் வாத்து அறுப்பு. கழுத்தைத் தானே அறுத்தாள், கிண்ணத்தைத் தானே பிடித்தாள். வினிகர் விட்டுக் கலக்கினாள். காலையெல்லாம் சூப் கொதித்தது. நடுவில் பின்பக்கத்து அறைக்குப் போய், தண்ணீர்த் தட்டில் கையை விட்டுக் கோலிக்குண்டுகளைத் துழாவி எடுத்தாள். கொதிநீரில் போட்டுத் தேய்த்துத் துடைத்துக் கைக்குட்டையில் முடிந்து வைத்தாள். ஹெட்டிக்குத் தொலைபேசியில் "காரோட வா" என்று இரண்டே வார்த்தை சொன்னாள்.

மத்தியானம் க்ளெம் கைகழுவிவிட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தான். ஒரே ஒரு தட்டு. ஒரே ஒரு கிண்ணம். பக்கத்தில் அவனுடைய தொப்பி. வலேரியா கறுப்பு சூப்பை விளிம்புவரை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு அடுப்போரம் நின்றாள்.

"ஆகா!" என்றான் க்ளெம். தொப்பியை ஒதுக்கி ரொட்டிக்கு இடம் பண்ணினான். குனிந்து உறிஞ்சினான். "என்ன கையடி உனக்கு! அன்னைக்கு உங்கப்பன் மட்டும் இதை வச்சிருந்தான்னா நான் தப்பிச்சிருப்பேன்!" தானே சொல்லித் தானே சிரித்தான். மோவாயில் வழிந்ததைத் துடைத்தான். கிண்ணத்தை ரொட்டியால் வழித்து, அவள் பக்கம் நீட்டினான். "இன்னும் ஒண்ணு ஊத்து."

அவள் ஊற்றினாள். அதையும் குடித்தான். தொப்பி ரொட்டிக்கூடை பக்கத்தில் அப்படியே கிடந்தது.

வழக்கப்படி பார்த்தால் போகவேண்டியவன் சூப் குடித்த அவன்தான். அவன் எங்கே போவான்? வீடு அவனுடையது. அறை அவன் குஞ்சுகளுடையது. ஊர் அவனுடையது. ஞானத்தாய் இன்னொருத்தி. இந்த வீடு எத்தனையோ வருஷமாகத் தன் முன்னால்தான் இந்தக் கிண்ணத்தை வைத்துக்கொண்டே இருந்திருக்கிறது, தனக்குத்தான் உறைக்கவில்லை என்று வலேரியாவுக்குப் பட்டது.

அலமாரியிலிருந்து இன்னொரு கிண்ணம் எடுத்தாள். தனக்கு ஊற்றிக்கொண்டாள். அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"நீ இதைத் தொடவே மாட்டியே?" என்றான் க்ளெம்.

"இன்னைக்குக் குடிக்கணும்."

முதல் கரண்டியில் குமட்டியது. விழுங்கினாள். நிறுத்தாமல் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தாள். ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். அறைக்குப் போய், பெட்டியில் நாப்தலின் உருண்டை போட்டு வைத்திருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு பையோடு வந்தாள். வாசலில் ஹெட்டியின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"எங்க கெளம்பிட்டே?"

"கறுப்பு சூப் குடிச்சவங்க எங்க போவாங்க, க்ளெம்? நீதானே ஊரெல்லாம் சொல்லுவே."

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். தொப்பியைப் பார்த்தான். அவள் காலணியைப் பார்த்தான். முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. புரிந்துவிட்டது, நன்றாகவே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தான். வலேரியா கதவில் கை வைத்தபடி நின்றாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவன் வேறு எதைச் சொல்லியிருந்தாலும், "இருடி" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும், பையைக் கீழே வைத்திருப்பாள். அதை அவளே பின்னால் ஹெட்டியிடம் சொன்னாள்.

"அப்ப குஞ்சுங்களுக்குச் சாயந்தரம் தண்ணி யாரு வைக்கிறது?" என்று கேட்டான் க்ளெம்.